பதினோரு அடி அறை

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட சுடிதார் பக்கத்துத் தென்னந்தோப்பில் கிடந்தது. போய் எடுத்துவந்தேன்.

சாயங்காலம் ஜெசிந்தாவுக்கு நான் எடுக்கும் ஆட்டோகேட் வகுப்பு, கம்ப்யூட்டரில் பிளான் வரைய, ஏழாவது நாள். ஆர்க்கிடெக்சரில் ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை. வண்டிப்பெரியார் எஸ்டேட்காரி. லேப்டாப் இல்லை, என்னுடையதில்தான் பழகுகிறாள். கையால் வரைந்தால் வகுப்பிலேயே அவள் கோடுதான் அழகு. மவுஸைப் பிடித்தால் மட்டும் நடுக்கம். இன்று ஆஃப்செட், ட்ரிம்; கோட்டுக்கு இணைகோடு போடுவதும் மிஞ்சியதை வெட்டுவதும். வெட்ட வேண்டிய கோட்டை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் வெட்டினாள். "எங்க பிள்ள போச்சு சுவரு?" என்று என்னையே கேட்கிறாள்.

வெள்ளி: சிறு வீட்டு பிளான் கொடுக்க வேண்டும். என்னுடையது முக்கால்வாசி.
வாங்க: டிரேசிங் தாள், சோப்பு, ஹேர்பின்.

ஜூலை 15, செவ்வாய்

ஏதோ சரியில்லை. மெஸ்ஸிலிருந்து வந்தபோது ஜெ. லேப்டாப்பில் இருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று மூடினாள்.

"என்ன வரைஞ்ச?"

"சும்மா பழகுனேன்."

சும்மா பழகுகிறவள் எதற்கு மூட வேண்டும்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். என் பிளானைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அப்படியே. கடைசியாகச் சேமித்த நேரம் மதியம் 1.40. அப்போது நான் அறையில் இருந்தேனா, மெஸ்ஸில் இருந்தேனா? சாம்பார் ஊற்றிய நேரத்தையெல்லாம் யார் பார்த்தார்கள்.

ஜூலை 16, புதன்

பிடித்துவிட்டேன். கம்ப்யூட்டர் லேபில் ஜெ. தன் பிளானைப் பிரிண்ட் எடுத்தாள், சாருக்குக் கொடுக்க. ஓரக்கண்ணால் பார்த்தேன். படுக்கையறை 3353 × 4877. என்னுடையதும் 3353 × 4877.

மில்லிமீட்டரில் எல்லோரும் 3300, 3600 என்று முழுசாக வைப்பார்கள். 3353 எந்தப் பைத்தியம் வைக்கும்? நான் வைப்பேன். அது பதினோரு அடி. 4877 பதினாறு அடி. மனையடி சாஸ்திரம் பார்க்காமல் எங்கள் வீட்டில் ஆட்டுக்கொட்டகைகூடப் போடமாட்டார்கள். பதினொன்று நல்லது, பன்னிரண்டு ஆகாது, சின்ன வயதிலிருந்து கேட்டது. மலையாளப் பிள்ளைகள் வீட்டில் தச்சுக்கோலால் அளக்கும் கோல் கணக்கு, அது வேறு. ஜெ.யோ சர்ச்சுக்குப் போகிறவள்.

ஊருக்கு, கொழிஞ்சாம்பாறைக்கு, அம்மாவுக்கு போன்.

"ஏம்மா, வேதக்காரங்க மனையடி பாப்பாங்களா?"

"அவீங்களுக்கு எதுக்கு கண்ணு அது? நம்ம ஊட்டுலதான் பாக்கோணும். ஏன், உனக்கு யாராச்சும் ஊடு கட்டறாங்களா?"

முடிந்தது. எடுத்திருக்கிறாள். என் லேப்டாப்பிலிருந்தே, நான் சொல்லிக்கொடுத்ததை வைத்தே.

ஜூலை 17, வியாழன்

தூறல். என் பிளானையும் முடித்துக் கொடுத்தேன், டிசைன் ஸ்டூடியோ சாரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் பிரிண்டும் அவர் மேசையிலேயே இருந்தன. 3353-ஐக் காட்டினேன். காப்பி என்று உறுதியானால் அந்த ஆள் ஸ்டூடியோ பாடத்தை அடுத்த வருஷம் மறுபடி செய்ய வேண்டும் என்றார். ஒரு வருஷம். அதை நான் யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தேன். யோசித்துத்தான் சொன்னேன்.

மத்தியானம் ஜெ. என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தாள். நடிப்பு. நடிப்புதானே?

ஜூலை 18, வெள்ளி

சார் இரண்டு பேரையும் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார். ஜெ. என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். பையிலிருந்து ஸ்கெட்ச் நோட்டை எடுத்தாள். ஜூன் மாதப் பக்கம், சாரே கையெழுத்துப் போட்டது. பென்சிலில் அதே அறை, 11 அடி, 16 அடி. அப்புறம் செல்போனில் ஒரு படம். அவர்கள் வீட்டு பைபிளின் கடைசி வெற்றுப் பக்கம். நீல மையில் 6, 8, 10, 11, 16, 17.

"ஊர்ல கொத்தனார் சொன்னத எங்கப்பா எழுதி வச்சிருக்காரு சார். அடுத்த வருஷம் அவருக்கு ரிட்டயரு. எஸ்டேட்டுல குடுத்த லயத்து வீட்ட விட்டு எறங்கணும். எங்களுக்கு வீடு இனிமேத்தான். பாஸ்டருக்குத் தெரிஞ்சா வைவாரு, அதான் இந்தக் கணக்குல வரையும்போது யாரு வந்தாலும் மூடிருவேன்."

சார் என் பக்கம் திரும்பினார். என் ஃபைல் தொடங்கியதே ஜூலையில்தான்.

"அப்போ கௌசல்யா, ஆரு ஆரைப் பார்த்துச் செய்தது?"

எங்கள் வீட்டிலும் மனையடி என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? பஸ் ஏறி ஊருக்குப் போய்விடலாமா என்று இருந்தது.

ஜெ.தான் சொன்னாள். "அவ எடுக்கல சார். இந்த நோட்ட அவ பாத்ததே இல்ல. அவங்க வீட்லயும் இதே கணக்கு இருக்கும்."

சார் இரண்டு பிளானையும் ஏற்றுக்கொண்டார். வெட்கமாக இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன், சாரிடம் சொன்னேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நல்ல வெயில். நேற்று மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்றாள்.

இன்று படிக்கட்டு வரையப் பழகுகிறாள். திரையை என் கட்டில் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, தான் கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறாள்.

"நீ ரூம்ல இருக்கும்போது மட்டும் தொடுறேன். எங்கயாச்சும் போறதுன்னா சொல்லு, மூடி வச்சிர்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

தலையில் எண்ணெய் வைத்து ஒரு மணி நேரம் ஆகிறது. குளிக்கப் போக வேண்டும். அவள் ஒன்பதாவது படியில்தான் இருக்கிறாள். நான் எழுந்திருக்கவில்லை.