உனக்குத் தட்டாத கை

இன்று காலை நம் வீட்டுக் கதவில் எவனோ ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். பசைகூடக் காயவில்லை, மைதா வாடை அடித்தது. ‘குடியை விட நினைக்கும் ஆண்களே, வாருங்கள். உங்கள் மனைவிமார்களுக்குத் தனி அறை உண்டு.’ அதே கரையான்சாவடிக் கூட்டம்தான். பத்து வருடமாகியும் புத்தி வரவில்லை பார். நான் கிழித்த கிழியில் கதவுப் பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இருந்திருந்தால் நோட்டீஸை விட்டுவிட்டு ஒட்டினவனைக் கிழித்திருப்பாய்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி கம்பெனியாகக் கட்டடம் எழும்பிய காலத்தில் நீ சித்தாள். செங்கல் சுமந்த உடம்பு வலிக்கு என்று மேஸ்திரிதான் உனக்குச் சாராயம் பழக்கினான். வலி போனதோ இல்லையோ, சாராயம் போகவில்லை. அடுப்பில் சோறு தீய, நீ சுவரோரம் சுருண்டு கிடந்த நாளெல்லாம் உண்டு. கடைசியில் நீயேதான் கேட்டாய்: “யோவ், தனியா நிறுத்த முடியலய்யா. நாலு பேரு கூடிப் பேசி நிறுத்துறாங்களாமே. எங்கனா இருந்தா இட்டுகினு போய்யா.” ஒரு புடவைக்குக்கூட என்னைக் கேட்காத வாய் அது.

பாடி ஃபேக்டரியில் என்னோடு லேத்தில் நின்றவர்களிடம் விசாரித்தேன். “யாருக்கு மாமே?” என்றார்கள். சொந்தக்காரர் ஒருவருக்கு என்று சொன்னேன். என் முதல் பொய் அது.

முதலில் போன கூட்டம் டவுனில். ஒன்றரை மணி நேரமும் இங்கிலீஷ். வெளியே வந்து, “டீ நல்லா கீது” என்றாய். அதற்குப் பிறகுதான் கரையான்சாவடி. நாம் இருக்கும் நூம்பலுக்குக் கிட்டே, பேச்சும் தமிழ். பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வாசலிலேயே ஒரு கண்ணாடிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “துணிஞ்சு வந்தீங்களே தம்பி, அதுவே பாதி வெற்றி.” உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அம்மா, நீங்க அந்தப் பக்கம்” என்று பெண்டாட்டிமார் அறைக்குக் கை காட்டினார். நீ என் முகத்தைப் பார்த்தாய். ‘குடிப்பது இவள்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் மானம் வாயை அடைத்துவிட்டது. போய் ஆண்கள் வட்டத்தில் உட்கார்ந்தேன்.

நாலு வாரம்! ஒரு சொட்டு சாராயம் நாக்கில் வைக்காத நான் நாலு வாரம் குடிகாரனாக உட்கார்ந்திருந்தேன். நாலாவது வாரம், ஒரு மாதம் குடிக்காமல் இருந்துவிட்டேன் என்று எழுப்பி நிறுத்திக் கை தட்டினார்கள். நீயோ அடுத்த அறையில், குடிக்கிறவங்க மனுச ஜென்மமே இல்லை என்று அழுகிற பெண்களுக்கு நடுவே வாயை மூடிக்கொண்டு இருந்தாய். ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வந்து முன்னைவிட அதிகமாகக் குடித்தாய். அன்று பஸ்ஸில் கேட்டாயே, “கைதட்டல் கேட்டுச்சு. யாருக்குய்யா?” என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் நீ வராந்தாவைத் தாண்டி நேரே ஆண்கள் அறைக்குள் வந்து நின்றாய். “குடிக்கிறது நானு. இந்தாளு புளிச்ச மோரக்கூடத் தொடமாட்டாரு.”

போதையில் பெண்டாட்டி மண்டையை உடைத்த கதையைப் போன வாரம் சொல்லி எல்லோரிடமும் ஆறுதல் வாங்கிய ஒருவன், உன்னைப் பார்த்து, “ச்சீ, பொம்பளையா இது?” என்றான். அவனை யாரும் அடக்கவில்லை. கண்ணாடிக்காரர் எழுந்து, “பொம்பளைங்க இருந்தா இவங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்கம்மா, தப்பா நினைக்காதீங்க” என்று கதவு வரை வந்து வழியனுப்பினார். அடப்பாவிகளா! ஆண் குடித்தால் வியாதி, பெண் குடித்தால் ஒழுக்கக்கேடா? எந்த ஊர் நியாயம் இது? அன்றும் நான் கேட்கவில்லை. இப்போது காகிதத்தில் கேட்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பெண்டாட்டிமார் அறையிலிருந்து ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். “அக்கா, நானும் குடிப்பேன்க்கா. எங்க ஊட்டுக்காரரு குடிக்கிறாருன்னுதான் எல்லாரும் நெனச்சிகினு கீறாங்க.” நீ அவளை நம் வீட்டுக்கே கூட்டிவந்தாய். வியாழக்கிழமைதோறும் ஒரு பாய், நீங்கள் இரண்டு பேர். பிறகு ஐந்து பேர். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே உட்காருவேன். அங்கேதான் உன் குடி நின்றது. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் வரை ஒன்பது வருடம், ஒரு சொட்டு இல்லை.

குடிக்காமல் உன் முதல் ஒரு மாதம் முடிந்த அன்று உள்ளே நீ அதைச் சொன்னது எனக்குக் கேட்டது. தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்பாரே என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். இதை உன்னிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

வியாழக்கிழமை இன்னும் நடக்கிறது. அன்று ஓடி வந்தவள்தான் நடத்துகிறாள். போன வாரம் புருஷன் பெண்டாட்டியாக இரண்டு பேர் வாசலில் வந்து தயங்கி நின்றார்கள். அவன் வாயைத் திறக்கும் முன், “நீ உள்ள போம்மா” என்று அவளிடம் சொன்னேன். அவனை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு குரல், “எனக்கு இன்னியோட ஒரு மாசம்” என்றது. நான் எழுந்து நின்று தட்டினேன். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, “என்ன விஷயம்?” என்று கேட்டார். சொன்னேன். உன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.