மலையை வெட்டிய பிறகு வந்த காய்ச்சல்

என் பிடிவாதக்கார மணியண்ணே,

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அண்ணி காய்ச்சலோடு படுத்திருக்கிறார். பயப்படாதே, சொல்கிறேன். செத்துப்போன உன்னைப் போய் பயப்படாதே என்கிறேன் பார், எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நீ போன பிறகும் அண்ணி உலு லங்காட் வாழைக்கொல்லையை விடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடைக்கு இன்னமும் நம் இலைதான். உன்னைப் போலவே வெயில் தாழ்ந்ததும் அறுத்து, தண்ணீர் தெளித்துக் கட்டி, விடிந்ததும் வேனில் கொண்டுவருவார். இருட்டும் நேரத்தில் கொல்லையில் நிற்காதீர்கள், கொசு என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். "வெயில்ல அறுத்தா இலை வாடிப்போயிரும் லா" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

கொல்லைக்கு மேலே இருந்த மலையைப் பாதி வெட்டிவிட்டார்கள். வீடு கட்டப்போகிறார்களாம். முன்பு வேலிப் பக்கம் எப்போதாவது தலைகாட்டிய குரங்குகள் இப்போது கூட்டத்தோடு நம் வாழையில் குடியிருக்கின்றன. காடு போனால் அதுகள்தான் எங்கே போகும்? ஆனால் அதுகளின் இரத்தத்தில் இருக்கிற மலேரியாக் கிருமியைக் கொசு நமக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. குரங்குக்கு அது பெரிய தொல்லை இல்லையாம். உன்னைக் கொன்றுவிட்டது.

அண்ணி அதை நம்பவே இல்லை. "மலேரியாவாவது, மண்ணாவது! அதெல்லாம் காட்டுக்குள்ள போறவங்களுக்கு. அவரு எந்தக் காட்டுக்குப் போனாரு? டிங்கிதான்." உனக்குக் காய்ச்சல் வந்தபோது நாங்கள் எல்லாருமே டெங்கு என்றுதான் நினைத்தோம். இங்கே யாருக்கு உடம்பு சுட்டாலும் டிங்கிதானே? பப்பாளி இலைச் சாறு, இளநீர், தூக்கம். உன் இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க ஒருவருக்குத் தோன்றியபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது.

நேற்றுக் காலை வேனை விட்டு இறங்கும்போதே அண்ணிக்குக் கைகால் உதறியது. இலைக்கட்டோடு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி ஓடிவந்து, "டிங்கி மாதிரி இருக்கு. பப்பாளி இலை அரைச்சுக் குடும்மா" என்றார். நான் போட்ட கத்தலில் தோசை தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

பக்கத்து கிளினிக்கில் சின்ன வயது டாக்டர். "பிளேட்லெட் குறைஞ்சிருக்கு ஆன்டி. டிங்கி டெஸ்ட் நெகட்டிவ். நாளைக்கு மறுபடி பார்க்கலாம்."

நாளைக்காம்!

"என் அண்ணனுக்கும் நாளைக்குன்னுதான் சொன்னாங்க டாக்டர். இவங்க குரங்கு வர்ற எடத்துல வேலை செய்றாங்க. மலேரியா இருக்கான்னு பாக்கணும். இங்க முடியாதுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க, இப்பவே போறோம்." நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளாமல் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. மலேரியாதான், அதே குரங்கு மலேரியா. உடனே மருந்து ஆரம்பித்தார்கள். இன்று காலை அண்ணி கஞ்சி குடித்தார், கஞ்சியில் உப்பில்லை என்று என்னைத் திட்டினார். பிழைத்துக்கொள்வார் அண்ணே.

மாத்திரைதான் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை. நர்ஸ் பாலோடு விழுங்கச் சொன்னாள், அண்ணி விழுங்கினார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அப்படியோர் ஆத்திரம் வந்தது. இவ்வளவுதானா? இது கிடைக்காமலா நீ செத்தாய்? கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினால், அண்ணி கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார்.

"செல்வி, நெசமாவே அவருக்கும் இதுதானா?"

"ஆமா அண்ணி."

அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார். "மேல சைட்டுல வேலை செய்ற தமிழ்நாட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேருக்குக் காய்ச்சல். கொட்டகையிலேயே சுருண்டு கெடக்குறாங்க. டிங்கிதான்னு சொல்லி, நான்தான் பப்பாளி இலை பறிச்சுக் குடுத்துட்டு வந்தேன்."

அவர்கள் போன் நம்பர் அண்ணியிடம் இல்லை. வேலை பெர்மிட் சிக்கலோ என்னவோ, ஆஸ்பத்திரி என்றாலே பயப்படுகிறார்களாம். நம் வேனை எடுத்துவரச் சொல்லி முதலாளிக்குப் போன் செய்துவிட்டு, வாசலுக்கும் சாலைக்குமாக நடந்தேன். கால் ஓய்ந்ததும் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். அந்த மலை வெட்டும் இடத்தை இனி ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று உன் கருமாதியன்று சபதம் போட்டவள் நான். அங்கேயும் யார் பெற்ற பிள்ளைகளோதான் படுத்துக்கிடக்கிறார்கள். வர மாட்டோம் என்றால் என்ன செய்வது? நேற்றே ரொம்ப முடியாமல் போயிருந்தால்?

வேன் வந்துவிட்டது. கெஞ்சியோ திட்டியோ இழுத்துக்கொண்டோ அந்த இரண்டு பேரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடுவேன். அவர்களை உன்னிடம் வர விடமாட்டேன் அண்ணே, சத்தியம்.

உன் வாயாடித் தங்கச்சி,
செல்வி