வரிப் படிவத்தில் ஒரு திகதி

ஓகஸ்ட் 16, சனி

இன்று என் வருமான வரிப் படிவத்தை முதல் தடவையாக நானே நிரப்பி அனுப்பினேன். பதினொரு வருடமாக அதைக் கணவர் ரமணன்தான் செய்தார்.

ஜனவரியில் அவரைப் பிரிந்து, மகளோடு சிட்னியின் பென்டில் ஹில்லிலிருந்து மெல்பேர்ணுக்கு வந்தேன். சிட்னிக்கு ஒன்று, இங்கே ஒன்று என இரண்டு படிவம் வேண்டுமோ என்று பயந்திருந்தேன். இங்கே ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் வாசுகி அக்கா சிரித்தார். "எந்த மாநிலமெண்டாலும் ஒரே வரிதான் பிள்ளை. ரெண்டு ஆஸ்பத்திரிச் சம்பளமும் ஒரே படிவத்தில வரும்." அப்படியே வந்தது. எல்லாம் சுலபமாகத்தான் போனது.

பிறகு ஒரு கேள்வி. ஜூனில் முடிந்த வரி வருடத்தில் உங்களுக்குத் துணைவர் இருந்தாரா? எந்தத் திகதி வரை?

அவருடைய படிவத்திலும் அதே திகதி இருக்க வேண்டும் என்பதால் ரமணனுக்குப் போன் எடுத்தேன்.

"முழு வருஷமும் எண்டு போடும். நீர் வேலைக்காகத்தான் போனனீர் எண்டு சனத்துக்குச் சொல்லி வச்சிருக்கிறன்."

"சனத்துக்கு என்னவும் சொல்லுங்கோ. இதில நான் பொய் எழுதமாட்டன். ஜனவரி பதினெட்டு எண்டு போடுறன்."



"பதினெட்டு இல்லை, பத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமை. நான்தானே பெட்டியளைக் காரில ஏத்தினனான்."

கலண்டரைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. திருத்திவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

அவருக்கு நன்றி சொன்னேனா என்றுதான் ஞாபகமில்லை.