மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த பல்

மார்ச் 4, செவ்வாய்

தாக் டாக்டரின் பல் கிளினிக்கிலிருந்து என் லேபுக்குப் படம் வந்தது. மேல் வரிசையில் ஒரு முன்பல், பக்கத்துப் பல்லின் நிறத்திலேயே செய்ய வேண்டுமாம். பக்கத்துப் பல் படத்தில் சோள நிறம். சிலருக்கு அப்படி இருக்கும், பரவாயில்லை. ஆனால் ஓரத்தில் வைத்த பஞ்சும் சோள நிறம். நர்ஸின் வெள்ளைக் கையுறையும் சோள நிறம். எங்கள் தேகு நகரத்துக்கே மஞ்சள்காமாலை போலிருக்கிறது!

புதுக் கேமரா வாங்கியதை ஊர் முழுக்கச் சொன்ன மனிதர். எந்த வெளிச்சத்திலும் வெள்ளையை வெள்ளையாகவே காட்ட, அதில் ஒயிட் பேலன்ஸ் என்று ஒன்று உண்டு. அதை ‘ஆட்டோ’விலேயே விட்டுவைத்திருக்கிறார். கேமராவும் பாவம், அவரைப் போலவே குத்துமதிப்பாக முடிவெடுக்கிறது.

மஞ்சளைக் கண்ணாலேயே கழித்துப் பீங்கான் கலந்தேன். பதினெட்டு வருடமாக இந்த ஆட்களோடு இப்படித்தான்.

மார்ச் 7, வெள்ளி

பல் திரும்பி வந்தது. கூடவே சீட்டு: ‘மஞ்சள் அதிகம்.’ மஞ்சளைப் பற்றி அவர் எனக்குச் சொல்கிறார்.

மார்ச் 13, வியாழன்

மஞ்சளை இன்னும் குறைத்துச் செய்த இரண்டாவது பல்லும் திரும்பிவிட்டது. இந்த முறை போன்.

“மேங் மேடம், தப்பா நெனைக்காதீங்க. சமீபத்துல கண்ணு டெஸ்ட் பண்ணீங்களா? இது செத்த பல்லு மாதிரி சாம்பல் அடிக்குது. பேசாம சியோல்ல ஒரு லேபுக்கு அனுப்பிடலாமான்னு பாக்குறேன்.”

“கொஞ்சம் பொறுங்க டாக்டர், நானே நேர்ல வர்றேன்” என்றேன். அவ்வளவு மரியாதையாக!

கண்ணாம் கண்ணு! காபிக்கடை லைட்டுக்குக் கீழ படம் புடிச்சு அனுப்புற ஆளு என் கண்ணைப் பத்திப் பேசுறாரு. அவர் முகத்துக்கு நேராக இதைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? வேலை தருகிறவர் அவர். சரி, அது மட்டும்தானா?

மார்ச் 14, வெள்ளி

காபிக்கடை என்று எழுதினேன், குறைத்துச் சொல்லிவிட்டேன். கிளினிக் கூரை முழுக்க ஆரஞ்சு விளக்குகள். “பேஷன்டுக்கு இதமா இருக்கும்” என்றார் டாக்டர். ஜன்னல் பக்கம் நீலம் தட்டும் பகல் வெளிச்சம். நடுவில் நாற்காலி. ஒரே வாயில் இரண்டு நிறம்.

நாற்காலியில் பியோ ஓக்பூன் அம்மா. சில்சோங் சந்தையில் தட்டை மாண்டு என்ற கொழுக்கட்டை சுட்டு விற்பவர். ஜனவரியில் பனியில் வழுக்கி விழுந்து பல் போனதிலிருந்து மாஸ்க் போட்டுக்கொண்டே வியாபாரம். “பொண்ணு பாக்க வர்ற மாதிரி ஒவ்வொரு பல்லா வருது, புடிக்கலன்னு போயிடுது” என்றார்.

விளக்குகளை அணைக்கச் சொன்னேன். எந்த நிறத்துக்கும் சாயாத சாம்பல் அட்டை ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். அதை அந்த அம்மாவின் உதட்டோரம் பிடித்து, முதலில் அதைப் படமெடுத்து, இதுதான் அளவு என்று டாக்டரின் கேமராவுக்குக் காட்டினேன். பிறகு பல்லை எடுத்தேன். திரையில் பஞ்சு, பஞ்சு நிறத்திலேயே இருந்தது. பல் சோளமும் இல்லை, சாம்பலும் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் நிறம்.

கையைக் கட்டிக்கொண்டு நின்ற டாக்டர், “இவ்வளவுதானா?” என்றார்.

“இவ்வளவுதான் டாக்டர்.” எத்தனை ருசியாகச் சொன்னேன்!

அப்போது அந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார். “ஏம்மா, அந்தப் படம் தப்புன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?”

“பாத்த ஒடனேயே தெரியும்” என்றேன். பெருமையாக.

“அப்ப ஒரு போன் போட்டிருக்கலாமே? ரெண்டு தடவ கடையச் சாத்திட்டு வந்தேன். அவருக்குத் தெரியல, அனுப்பினாரு. நீ தெரிஞ்சே செஞ்சிருக்க.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 16, ஞாயிறு

இந்த வேலையைப் பற்றி அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அதனால்தான் சரியாகக் கேட்டுவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

புதுப் படத்தை வைத்துச் செய்த பல்லுக்கு டாக்டரிடமிருந்து ஒற்றைச் சொல்: ‘பொருந்திவிட்டது.’ நன்றி கிடையாது. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

சந்தைக்குப் போனேன். அந்தம்மா முகத்தில் மாஸ்க் இல்லை. வாய் கிழியக் கூவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், “எது புதுப் பல்லு, சொல்லு பாப்போம்” என்று ஈயெனக் காட்டினார். அந்த ஆள் தப்பான பல்லைச் சொன்னார். எனக்கு ஒரு தட்டு மாண்டு கூடுதல்.

ஏப்ரல் 9, புதன்

தாக் டாக்டரிடமிருந்து புதுப் படம், வேறொரு ஆளுடைய பல். ஓரத்தில் சாம்பல் அட்டை! ஆனால் அட்டை மேல் அவருடைய கட்டைவிரல் நிழல். பாதி ஆரஞ்சு விளக்கு எரிகிறது. சாயங்காலம் வரை சொல்லிச் சிரிக்கலாம். கண்ணாலேயே சரிசெய்தும் விடலாம்.

போனை எடுத்தேன்.

“டாக்டர், அந்த ஆரஞ்சு லைட்ட முழுசா அணைக்கலை. பேஷன்ட் இன்னும் இருக்காரா?”

கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

“இருக்காரு. அட்டைய எங்க புடிக்கணும்?”

“உதட்டோரமா. வெரல் நெழல் படாம.”

“போன வெச்சிடாதீங்க மேடம். எடுத்துக் காட்டுறேன்.”

வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒவ்வொரு சுவிட்சாக அணையும் சத்தம் கேட்டது.