நூறு பாகை வித்தியாசம்

முல்லைத்தீவு,
14.5.1964

அன்பு மகனுக்கு,

எனக்குக் கணக்குத் தடுமாறுகிறது என்று பக்கத்து வீட்டு யூலிற்றா சொல்லித் திரிகிறாள். அது பொய்.

நீ கனடாவிலிருந்து அனுப்பிய வெப்பமானி விறாந்தையில் எண்பத்தெட்டு பாரன்ஹீட் பாகை காட்டுகிறது. உன் அறைக்குள் கொண்டுபோனால் பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டுக்கு இறங்குகிறது. வித்தியாசம் நூறு என்றேன்.

"எழுபத்தாறு எல்லோ, மாமி? கழிச்சுப் பாருங்கோ!" என்று சிரித்தாள்.

"பூச்சியம்வரை இறங்க எண்பத்தெட்டு, அதுக்குக் கீழே பன்னிரண்டு. கூட்டு, பிள்ளை. நம்பாட்டி அறைக்குள்ள கையை நீட்டு."

நீட்டியவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓடிவிட்டாள்.

சனவரியில் வந்த உன் கடைசிக் கடிதத்திலும் பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு என்றுதான் எழுதியிருந்தாய். அதன் பிறகு, நீ பனிக்குள் போய்த் திரும்பவில்லை என்று வேறு யாரோ எழுதினார்கள். இப்போது அங்கேயும் பனி உருகியிருக்கும்.

உன் கட்டிலில் கம்பளியை மடித்து வைக்கிறேன். காலையில் அது தலையணைவரை இழுத்துப் போர்த்தபடி கிடக்கிறது.

உன் கையாலேயே எனக்கு ஒரு வரி பதில் எழுது.

அம்மா