ஜீப்புக்கு வலை கட்டிய விவரம்

காரைக்குடி, ஆஸ்பத்திரி வராந்தா
14-5-70, வியாழன்

சிரஞ்சீவி மகன் தங்கச்சாமிக்கு அம்மா எழுதுவது. பினாங்கில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே இன்று காலை எட்டு மணி வரை எல்லோரும் சுகம், அதற்குப் பிந்திய நிலவரம் உன் அப்பா வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். முதலில் முக்கியமான செய்தி. சித்திரை பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, இராகுகாலம் கழித்து, ஊர்ப் பெரியவர்கள் நால்வர் முன்னிலையில், நம் ஜீப்புக்கு வலை கட்டுவது என்று அப்பா தீர்மானித்தார். நால்வருக்கும் காப்பி கொடுக்கப்பட்டது. ஆட்சேபம் எதுவும் வரவில்லை.

காரணத்தையும் எழுதுகிறேன். பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது, அப்பா தலைவர் பதவிக்கு நிற்கிறார். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த அந்த ஜீப்புக்குக் கூரையும் கிடையாது, கதவும் கிடையாது, பிரேக்கை இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கும் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததே. அதில் நின்றபடி ஊர் ஊராக ஓட்டுக் கேட்டதில் சாக்கோட்டை யூனியன் ஆபீஸ் வாசலில் மயங்கி விழுந்தார். தலையில் வெயில் படவே கூடாது என்றார் டாக்டர். கித்தானில் கூரை போடலாமே என்றேன். மேல மூடிட்டா உள்ள இருக்கது நானா நெல்லு மூடையான்னு சனத்துக்கு எப்புடித் தெரியும் என்று கேட்டார். நீ அனுப்பிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டால் கண் ஆபரேஷன் செய்தவர் என்று நினைப்பார்களாம். குடையும் ஆகாது, எதிர்த்து நிற்கிறவருக்குக் குடைதான் சின்னம். வெயில் படக்கூடாது, முகமும் தெரிய வேண்டும் என்றால் உலகத்தில் வலை ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. தொண்டியிலிருந்து கருவாடும் வலையும் கொண்டுவந்து விற்கிற ஹனிபாவை வரச் சொன்னார்கள். எம்புட்டுப் பெரிய மீனுக்குண்ணே வேணும் என்று அவர் கேட்க, மனுசருக்குத்தான்யா என்றார் அப்பா. ஹனிபா சிரிக்காமல் நெத்திலி வலையைப் பிரித்துக் காட்டினார். பச்சைச் சாயம் போட்ட நைலான், இரண்டாக மடித்துப் போட்டால் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும், காற்றும் வரும், இதுல மாட்டுனது எதுவும் தானா வெளிய வந்ததில்லண்ணே என்று உத்தரவாதமும் கொடுத்துவிட்டுப் போனார்.

இரும்புக் கம்பியை வளைத்து அதன்மேல் வலையைக் கட்டினார்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் வருகிறது என்று இரண்டு பக்கமும் கீழே வரை இறக்கினார்கள். ஓடும்போது அதன் ஓரம் அப்பாவின் காதை உரசியதால் அடிவிளிம்பை ஜீப்பின் உடம்போடு கயிறு கோத்து முடிந்துவிட்டார்கள். ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் செம்மலை சுற்றி வந்து முடிச்சுப் போடுவான், இறங்க வேண்டுமென்றால் அவனே வந்து அவிழ்க்க வேண்டும், அதற்குள் வெற்றிலை போட்டு மென்று முடித்துவிடலாம். உள்ளே குளுமையாகத்தான் இருக்கிறது, நானும் ஒரு முறை போனேன். வெளியே இருந்து பார்த்தால் அப்பாவின் முகமும் தெரிகிறது, தண்ணீருக்கு அடியில் இருக்கிறவர் முகம் தெரிகிற மாதிரி. இரண்டாம் நாள் காலையில் ஒரு மைனா அதில் கால் மாட்டிக்கொண்டு கத்தியது. கத்தரிக்கோலை எடுத்துப் போனேன், புது வலையை அறுக்கக் கூடாது, அது தானாகப் போய்விடும் என்றார் அப்பா. சாயங்காலத்துக்குள் சத்தம் நின்றுவிட்டது.

இனிக் கருப்பர் வளைவு. கண்மாய்க்கரை திரும்பும் இடத்தில் கருப்பர் கோவிலைத் தாண்டும்வரை எந்த வண்டியிலும் ஒருவரும் உட்கார்ந்திருக்கக் கூடாது, எல்லோரும் இறங்கி நடக்க, வண்டியை ஓட்டுகிறவன் மட்டும் வெற்று வண்டியாகக் கொண்டுபோக வேண்டும் என்பது நம் ஊரில் மாறாத வழக்கம். போன மழைக்கு மடைப் பக்கம் கரைக் கல் சரிந்து, யூனியனுக்கு மனுப் போட்டு, மனு நலமாக இருக்கிறது. வலை கட்டிய முதல் நாள் முடிச்சுகளை அவிழ்த்து எல்லோரும் இறங்கி, நடந்து, மறுபடி ஏறி, மறுபடி முடிந்து முடிப்பதற்குள் பின்னால் நெல்லு வண்டிகள் சேர்ந்துபோய் வண்டிக்காரர்கள் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஓட்டு இருக்கிறது. ஆகவே பூசாரி சின்னக்கருப்புவிடம் விலக்குக் கேட்டார் அப்பா. சின்னக்கருப்பு இந்தத் தேர்தலில் நாலாவது வார்டுக்கு அப்பா பக்கம் நிற்கிறார். அவர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: மழை ஒழுகுகிற எதுவும் கூரை இல்லை, கூரை இல்லையென்றால் உள்ளே இருக்கிறவர்கள் வெளியே இருக்கிறவர்கள்தான், வெளியே இருக்கிறவர்கள் இறங்குவது எங்கே? கருப்பருக்கு எந்திரிச்சு நின்னு ஒரு கும்பிடு போட்டாப் போதும்ணே என்றார். வலைக்குள் நிற்க முடியாது என்று தெரிந்ததும் உட்கார்ந்தே கும்பிடலாம் என்று திருத்தினார். அன்றிலிருந்து ஜீப் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டே அந்த வளைவைத் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் மடைக்குள் கல் விழுகிற சத்தம் கேட்பதாகத் துணி துவைக்கிற பெண்கள் சொன்னார்கள். நான் அப்பாவிடம் சொன்னேன். நீ பொஸ்தகம் படிக்கிறவ, ஒனக்கு எல்லாத்துலயும் கடைசிப் பக்கம் முன்னாலயே தெரியணும் என்றார். ஒன்று மட்டும் கவனித்தேன். செம்மலை எல்லோர் பக்கத்து முடிச்சையும் இறுக்கிப் போடுகிறான், தன் பக்கத்தில் மட்டும் போடுவதில்லை. ஏன் என்று கேட்டேன். காத்து வேணும் ஆத்தா என்றான்.

இப்போது உன் தங்கை சமாசாரம். பொன்னுத்தாயிக்கு நாள் நெருங்கிவிட்டது, இன்று ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். பேரப்பிள்ள ஜீப்புல வந்துச்சுன்னு ஊரு பேசட்டும், கண்மாய்க்கரை வழியா நாச்சியாபுரம் சுத்தி எல்லாரும் பாக்கக் கூட்டிட்டுப் போறேன் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். பிரேக்கைச் சொன்னேன், கரையைச் சொன்னேன், அவர் காதில் ஏறவில்லை. அதனால் நேற்று நானே சின்னக்கருப்புவிடம் போனேன். நீங்க சொன்ன தீர்ப்பு சரிதான், ஆனா வயித்துல இருக்க பிள்ளை கூரைக்குள்ள இருக்கா, வெளியே இருக்கா, அது கருப்பர் முன்னால எறங்கணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க என்று கேட்டேன். வெகுநேரம் தாடியைத் தடவினார். இத நானாச் சொல்ல முடியாதுத்தா, அமாவாசைக்குப் பூப்போட்டுப் பாத்துத்தான் சொல்லணும் என்றார். பூசாரி ஒத்திவைத்ததை அப்பாவால் மீற முடியாது, வார்டு நாலில் ஓட்டு அதிகம். அப்படித்தான் பொன்னுத்தாயியும் நானும் இன்று காலை மெயின் ரோட்டுப் பஸ்ஸில் வந்தோம். அவளுடைய டிரங்குப் பெட்டியை மட்டும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள், காப்பி குடித்த நால்வரும் ஏறிக்கொண்டார்கள். நீங்க பஸ்ஸுல ஆடி அசைஞ்சு வாங்க, நாங்க முன்னால போயி வாசல்ல நின்னு வரவேற்கிறோம் என்று அப்பா வலைக்குள்ளிருந்து கையாட்டினார். செம்மலை சுற்றி வந்து முடிச்சுப் போட்டான்.

நாங்கள் வந்தபோது வாசலில் யாரும் இல்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு நாளைக்குள் ஆகிவிடும், பயமில்லை என்றார்கள். பொன்னுத்தாயி தூங்குகிறாள். பிள்ளைக்கு வைத்த துணியெல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மதியச் சங்கும் ஊதிவிட்டது. அப்பா வழியில் நாலு பேரைப் பார்த்தால் நிறுத்திப் பேசுகிறவர்தான், நாச்சியாபுரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன். கை சும்மா இருக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன். தாளில் இடம் முடிகிறது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கடைச் சாப்பாட்டில் காரத்தைக் குறை, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மறக்காமல் எழுது. தீர்க்காயுசாக இரு. ஜீப் வந்ததும் செம்மலையிடம் கொடுத்து இதைத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு உன் நலம் கோரும் அம்மா,
உமையாள்

செம்மலை ஆஸ்பத்திரி கேட் வழியாகத் தனியாக நடந்து வருகிறான். ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது. இதை அவனிடமே கொடுத்துவிடுகிறேன்.