கிழக்கு கேலரிக்கு லிஃப்ட் வருகிறது

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில் கோல் வாங்கி, கையில் இருந்த வெற்றியைத் தாரை வார்த்தோம். வழக்கமாக இந்த மாதிரி நாளில் எங்கள் வரிசையில் யாரும் வாயை மூட மாட்டார்கள். இன்று ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

காரணம், இடைவேளையில் கால்பந்து கிளப் ஆட்கள் கொடுத்துவிட்டுப் போன தாள். நாங்கள் உட்காரும் கிழக்கு கேலரியை இந்த சீசன் முடிந்ததும் இடிக்கப் போகிறார்களாம். அங்கே இரண்டு அடுக்கில் புதிதாகக் கட்டுகிறார்கள். கூடுதலாக எட்டாயிரம் இருக்கை, கூரை, லிஃப்ட். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குத் தனி மேடை. துணைக்கு ஒருவர் உட்காரலாம். ஒருவர் மட்டும்.

"ஒருத்தர் மட்டும்னா என்ன அர்த்தம்? அண்ணன நம்மகிட்டேர்ந்து பிரிக்கப் பாக்குறானுங்க!" என்றார் பக்கத்து சீட் கொத்தனார். 'ரெஃபரி' உடனே ஒத்து ஊதினார். அவருக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. நடுவர் விசில் ஊதினால் எழுந்து நின்று எதிர்த் தீர்ப்பு சொல்வார், அதனால் அந்தப் பெயர். கணக்கு டீச்சர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

அவர்கள் கோபப்படுவதற்கு நியாயம் இருக்கிறது. அவர்கள் அண்ணன் என்பது என் வீட்டுக்காரரை. இவருக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம். அன்றிலிருந்து கொத்தனாரும் ரெஃபரியும் நான்கு கைகளைக் கோத்து, அதில் இவரை உட்கார வைத்து, இருபத்தாறு படி தூக்கிக்கொண்டு போகிறார்கள். மடக்கிய சக்கர நாற்காலியையும் பையையும் சுமந்துகொண்டு நான் பின்னாலேயே ஏறுவேன். ஒரு ஆட்டம் தவறியதில்லை. கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிச் செய்வார்களா?

ஆனாலும் 'லிஃப்ட்' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை.

பிப்ரவரி 12

நான் வேலை பார்க்கும் ஓட்டலில் கல்யாணக் கூட்டம். சலவைப் பிரிவுக்கு இருநூற்று நாற்பது படுக்கை விரிப்பு வந்தது. இஸ்திரி உருளை வேறு பாதியில் மக்கர் செய்தது. நாள் முழுக்க ஆவியில் வெந்தேன். மனசு மட்டும் லிஃப்ட், லிஃப்ட் என்றே அடித்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் கொத்தனாரும் ரெஃபரியும் வீட்டுக்கு வந்தார்கள். கையில் மனு. கிழக்கு கேலரியை இடிக்கக் கூடாது என்று ஏழு காரணம். முதல் காரணமே, 'பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட எங்கள் அண்ணன்.' ரெஃபரி அதை எழுந்து நின்று படித்தார். படித்து முடித்ததும் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"அண்ணி, முதல் கையெழுத்து உங்களோடதாத்தான் இருக்கணும்."

நான் என்ன சொல்வது? மனுஷன் ஆறு வருடம் என் புருஷனைத் தோளுக்குச் சமமாகத் தூக்கியிருக்கிறார். அவரிடம் போய், 'எனக்கு லிஃப்ட்தான் வேணும், உங்க கை வேணாம்' என்று சொல்ல எந்த நாக்குக்கு வரும்? பேனாவை வாங்கினேன். போட்டேன். இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் எழுப்பவில்லை, நானும்தான்.

பிப்ரவரி 17

ஏன் போட்டேன்? வாயை யாரிடமாவது அடகு வைத்திருக்கிறேனா?

பிப்ரவரி 23, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டால் வரும்.

இன்று சரியான மழை. படியெல்லாம் வழவழ என்று இருந்தது. சக்கர நாற்காலியைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டாள். இவர் தலை நனையக் கூடாது என்று நான் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். அதாவது இவர் பக்கம் திரும்பியபடி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக நடந்து ஏறினேன். அப்போதுதான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

கண்ணை இறுக்கி மூடியிருந்தார். பயத்தில் மூடுகிற மாதிரி இல்லை. ஊசி போடும்போது மூடிக்கொள்வோமே, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று, அந்த மாதிரி. மேலே உட்கார வைத்த பிறகுதான் திறந்தார். திறந்த உடனே கொத்தனாரைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்கு முன்னால், பத்தொன்பதாவது படியில் கொத்தனாரின் கால் வழுக்கியது. ரெஃபரி முட்டி போட்டுத் தாங்கிப் பிடித்தார். கீழே விழவில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்றார் கொத்தனார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

ஆறு வருடமாக நான் பார்த்ததெல்லாம் இவருடைய முதுகைத்தான். முதுகு சந்தோஷமாகத்தான் இருந்தது. முகம்? ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?

ஜெயித்தோம். இரண்டுக்கு பூஜ்யம்.

பிப்ரவரி 24

இவருக்கு மிச்சமிருப்பது இரண்டு சொல். சரி, இல்ல. மூன்றாவதாக ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு. அது ஆட்டம் பார்க்கும்போது மட்டும் வரும், சுத்தமான உச்சரிப்போடு வரும். அது மூளையில் வேறு மூலையில் பத்திரமாக இருக்கிறதாம், டாக்டர் சொன்னார். இருக்கட்டும்.

வேலையிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து கேட்டேன். "தூக்கிட்டுப் போறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

தட்டைத் தள்ளி வைத்தார்.

"அவங்கள பிடிக்கலையா?"

"இல்ல, இல்ல, இல்ல!" மேசையைத் தட்டினார். அவர்களைப் பிடிக்காமலா.

கிளப் கொடுத்த தாளை இந்தப் பக்கம் வைத்தேன். மனுவின் நகலை அந்தப் பக்கம் வைத்துப் படித்துக் காட்டினேன். இடது கையை எடுத்து லிஃப்ட் படத்தின் மேல் வைத்தார். எடுக்கவே இல்லை. அந்த விரல்களுக்கு அடியில் எட்டாயிரம் இருக்கையும் மறைந்துவிட்டது.

பிறகு, மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்று சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த மூன்றாவது சொல்லை என் முகத்தைப் பார்த்தே சொன்னார். ஆட்டம் இல்லாத நாளில் அது வந்தது இதுதான் முதல் முறை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய திட்டுதான்.

மார்ச் 2, ஞாயிறு

ரசிகர்கள் கூட்டம், ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில். ஐந்நூறு பேராவது இருக்கும். கிளப் சார்பில் ஒரு பெண் என்ஜினியர் வந்து படம் காட்டினார். நாலு பக்கமும் சத்தம். "புது கேலரி வந்தா நம்ம ராசி போயிடும்!" என்று ஒருவர் கத்த, "ராசி இருந்துதான் போன வருஷம் பதினாறாவது எடமா?" என்று இன்னொருவர் திருப்பிக் கத்த, ஒரே அமளி.

பிறகு கொத்தனார் மைக்கைப் பிடித்தார். "எங்க வரிசையில ஒரு அண்ணன் இருக்காரு," என்று ஆரம்பித்தார். கூட்டம் அடங்கிவிட்டது. பொய் ஒன்றும் சொல்லவில்லை மனுஷன். எல்லாம் அன்புதான். அதுதான் கஷ்டம்.

எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. மைக் வருவதற்குள் பேசத் தொடங்கிவிட்டேன்.

"அந்த மனுல முதல் கையெழுத்து என்னோடது. அத அடிச்சிடுங்க. தூக்கிட்டுப் போகும்போது இவரு கண்ண மூடிக்கிறாரு. எனக்கே போன வாரந்தான் தெரியும். இவங்க தூக்கலன்னா இவரு எப்பவோ வீட்டோட முடங்கியிருப்பாரு. அந்தக் கடன நான் சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இவருக்கு லிஃப்ட் வேணும். கேளுங்க, இவரையே கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே இவர் இடது கையைத் தூக்கிவிட்டார். ஓட்டெடுப்பு தொடங்கவே இல்லை, அதற்குள் தூக்கி, அது முடியும்வரை கீழே இறக்கவில்லை. பக்கத்தில் கணக்கு டீச்சர் தூக்கினாள். ரெஃபரி கொத்தனாரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு பாதி தூக்கினார்.

புதிய கேலரிக்குத்தான் அதிகம் பேர். கொத்தனார் எங்களைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

மார்ச் 5

கொத்தனாரிடமிருந்து போன் இல்லை. நானாகச் செய்யலாமா? என்ன சொல்வேன்? நன்றி கெட்டவள் என்று நினைக்கிறாரோ. நினைத்தால்தான் என்ன தப்பு.

மார்ச் 7

இன்னும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

போவதா வேண்டாமா என்று எனக்குத் தடுமாற்றம். இவர் காலையிலேயே கிளப் சட்டையைக் காட்டிவிட்டார். போனோம்.

கேட்டுக்குப் பக்கத்தில், வழக்கமான தூணுக்குக் கீழே கொத்தனார் நின்றிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. நேராக இவர் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"அண்ணே, தூக்கட்டுமா?"

ஆறு வருடத்தில் யாரும் இவரைக் கேட்டதில்லை. நானே கேட்டதில்லையே. இவர் இடது கையை அவர் தோளில் வைத்தார். பிறகு, "சரி," என்றார்.

நான் முன்னால் ஏறினேன், முகத்தைப் பார்த்துக்கொண்டே. இன்று பாதிப் படிகளுக்கு மேல் கண் திறந்தே இருந்தது.

இடைவேளையில் டீ வாங்கும் வரிசையில் கொத்தனார் என்னிடம் வந்தார். சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினார். இடுப்பில் அகலமான பெல்ட். "நாலு மாசமாச்சு அண்ணி. டாக்டர் செங்கல்லயே தூக்கக் கூடாதுங்கிறாரு. சொன்னா அண்ணன் வர மாட்டாரேன்னு சொல்லல."

"நான் சொல்லல, நீங்களும் சொல்லல. அவரால சொல்ல முடியல. நல்லா இருக்கு நம்ம லட்சணம்," என்றேன். சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கிறதாம்.

இந்த மனுஷர்களை எனக்கு யார் கொடுத்தது? அடுத்தடுத்த சீட் நம்பர் கொடுத்தது, அவ்வளவுதான். அதற்கு என்ன கைம்மாறு செய்வேன்?

மே 18, ஞாயிறு

பழைய கேலரியில் கடைசி ஆட்டம். தோற்றோம். இவரை இறக்கும்போது ரெஃபரி ஒவ்வொரு படியாகச் சத்தமாக எண்ணினார். இருபத்தேழு என்றார். இருப்பது இருபத்தாறு. நடுவருக்குக் கண் சரியில்லை என்று இந்த ஆள்தான் கத்துகிறார்.

ஜூலை 3

கொத்தனார் வேலி ஓட்டை வழியாகக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தாராம். "கம்பி கட்டுறது பரவால்ல. கான்கிரீட் போடுறதுலதான் அவசரப்படுறானுங்க." என்ஜினியர் அம்மாவிடம் சொல்லியும் விட்டாராம். பாவம் அந்தப் பெண்.

டிசம்பர் 14

எதிர்ப்பக்க கேலரியில் எங்களுக்கு இடம் இல்லை. ரெஃபரி வீட்டு டிவியில்தான் ஆட்டம். தரைத்தளம். படியே இல்லை.

ஆகஸ்ட் 8

அடுத்த வருடமும் வந்துவிட்டது. புதிய கேலரிக்கு அட்டைகள் வந்தன. இவருக்கு மேடை, முன்பக்கம். வரிசைக்காரர்களுக்குப் பன்னிரண்டாவது வரிசை, இருபது அடி தள்ளி, மேலே. துணை ஒருவர் மட்டும் என்பதில் மாற்றம் இல்லை. சரி, நான்தானே துணை என்று அட்டையைப் பையில் போட்டேன்.

கணக்கு டீச்சர் மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்குத் திருப்பித் திருப்பிப் படித்தாளே, விதி முழுவதும் மனப்பாடம். துணை அட்டையில் பெயர் போடத் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். எனக்குப் பன்னிரண்டாவது வரிசையில் ஒரு சீட்டும் எடுத்துவிட்டார்கள். மேசையில் ஒரு அட்டவணையை விரித்தாள். சொந்த மைதானத்தில் பதினெட்டு ஆட்டம், மூன்று பேர், ஆளுக்கு ஆறு.

"இதுல நான் எங்க?"

"வீட்ல ஏழு நாளும் உங்க முறைதானே அண்ணி."

"அவருக்குத் தண்ணி ஸ்ட்ராலதான் குடுக்கணும். சாய்ஞ்சா நிமித்தி உக்கார வைக்கணும். உங்களுக்கெல்லாம் தெரியாது."

"எழுதிக் குடுங்க. சரி, ஒண்ணு கேக்குறேன். கடைசியா ஒரு கோல எப்ப முழுசாப் பாத்தீங்க?"

யோசித்தேன். கோல் விழும்போதெல்லாம் நான் இவர் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பேன், உணர்ச்சிவசப்பட்டுச் சரிந்துவிடுவாரோ என்று. சத்தத்தை வைத்துத்தான் யார் அடித்தது என்று தெரியும். கல்யாணமான புதிதில் இவரை முதன்முதலாக ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனதே நான்தான்.

சண்டை போட்டு எனக்கு மூன்று ஆட்டம் வாங்கினேன். அவர்களுக்கு ஆளுக்கு ஐந்து. இவரைக் கேட்டோம், நான்கு பேரும் சேர்ந்தே கேட்டோம். "சரி, சரி," என்றார், இரண்டு தடவை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

லிஃப்ட் பொத்தானை இவரே அழுத்தினார். எட்டிப் பிடிக்கிற உயரத்தில் வைத்திருக்கிறார்கள், அந்த என்ஜினியர் அம்மாவுக்குக் கோடி புண்ணியம். உள்ளே கண்ணாடி. அதில் தன்னைப் பார்த்து சட்டைக் காலரைச் சரிசெய்தார். ஒரு தடவை ஏறி, இறங்கி, மறுபடி ஏறினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

முதல் முறை கொத்தனாருடையது. நான் எழுதிக் கொடுத்த தாளைப் பையில் வைத்துக்கொண்டு, "போங்க அண்ணி, மேல போங்க," என்று துரத்தினார்.

முதல் பத்து நிமிடம் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொடுத்தாரா? சாய்கிறாரா? ரெஃபரி என் தலையைப் பிடித்து மைதானத்தின் பக்கம் திருப்பினார். பிறகு எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை. வலது ஓரத்தில் எங்கள் அணியின் குள்ளப் பையன் இரண்டு பேரை ஏமாற்றி உள்ளே புகுந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. பின்னால் வந்தவனுக்குக் குதிகாலால் தள்ளிவிட்டான். அவன் அடித்த பந்து கோல் கம்பத்தின் உள்பக்கம் பட்டு வலையை உப்ப வைத்தது. முழுசாகப் பார்த்தேன். ஆரம்பத்திலிருந்து வலை வரைக்கும்.

எவ்வளவு நேரம் கழித்துக் கீழே பார்த்தேனோ. கொத்தனாரும் இவரும் எதற்கோ கையை ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் என்னைத் தேடவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் 24

நேற்று கத்திய கத்தில் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. ஒரு சொல் வெளியே வரவில்லை. சலவைப் பிரிவில் உருளைக்கு மறுபக்கம் நிற்கும் பெண்கள், "என்னாச்சுக்கா?" என்று சூழ்ந்துகொண்டார்கள்.

திங்கட்கிழமைகளில் அவர்கள் கேட்டால், 'நேற்று அவரை ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்' என்றுதான் ஆறு வருடமாகச் சொல்லியிருக்கிறேன். இன்று துணிச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்: நேற்று ஆட்டம் பார்த்தேன்.